ஆங்கரேஜில் பனிக்கால ஃபேட் பைக் வாடகை: கணக்கில் ஓட்டை எங்கே?

அக்டோபர் 3, ஸ்பெனார்டுவாசி

அலாஸ்காவின் ஆங்கரேஜில், கோடையில் கரையோரப் பாதைக்குச் சாதாரண சைக்கிள் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. இந்தக் குளிருக்கு 12 ஃபேட் பைக் (பனியில் ஓட்டும் அகல டயர் சைக்கிள்) இறக்கலாம் என்று எண்ணம். நாள் வாடகை 60 டாலர். டயர் அகலம் என்பதால் ஆணி டயர் (ஐஸைக் கவ்வ உலோக ஆணி பதித்தது) தேவைப்படாது. பழைய வண்டியாக வாங்கினால் முதலீடு பாதியாகும். கடையில் ஹீட்டர் உண்டு, அதனால் வண்டி உறையாது. ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 3, இரவு, பட்டறை

மூன்று ஓட்டை. கடைசியிலிருந்து வருகிறேன், அதுதான் பெரியது.

ஃபேட் பைக்கைக் கெடுப்பது குளிர் இல்லை, ஈரம். மைனஸ் 20 டிகிரியில் நாள் முழுக்க வெளியே கிடக்கும் வண்டி ஒழுங்காக ஓடும். ஒட்டிய பனி தட்டினால் உதிர்ந்துவிடும். அதே வண்டியைச் சூடான கடைக்குள் இருபது நிமிடம் நிறுத்துங்கள். பனி உருகி கேபிள் உறைக்குள், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) பற்களுக்கு நடுவில், ஃப்ரீஹப் (பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும் பகுதி) சீலுக்குள் இறங்கும். அடுத்த வாடிக்கையாளர் வெளியே எடுத்துப்போன கொஞ்ச நேரத்தில் அத்தனையும் ஐஸ். கியர் மாறாது, பிரேக் லீவர் திரும்பாது, பெடல் சும்மா சுற்றும்.

அதனால் இரண்டு இடம் வேண்டும். ஒன்று ஹீட்டர் இல்லாத, பூட்டக்கூடிய குளிர் அறை. கடைக்குப் பின்னால் ஒரு சரக்குக் கண்டெய்னர் போதும். வாடகைக்குப் போகும் வண்டி அங்கேதான் நிற்கும். இன்னொன்று 15 டிகிரி வாக்கில் வைத்த பட்டறை. விதி ஒன்றுதான்: அன்றே மறுபடி போகும் வண்டி உள்ளே வரவே கூடாது. உள்ளே வந்த வண்டி முழுக்கக் காயாமல் வெளியே போகக் கூடாது. காய ஒரு இரவும் ஒரு மின்விசிறியும் வேண்டும். காய்ந்ததும் குளிர் அறைக்கு மாற்றி, ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுக் கொடுங்கள். டயர் சூடாக இருந்தால் பனி அதில் உருகி ஒட்டி, டயர் முழுக்க ஐஸ் கட்டிக்கொள்ளும்.

மனிதர்களுக்கு மட்டும் ஹீட்டர். அளவு பார்ப்பது, கையெழுத்து, பயிற்சி எல்லாம் உள்ளே முடியட்டும்.

அக்டோபர் 4, பட்டறை

ஆணி டயர். அகலம் மிதப்பதற்கு, பிடிமானத்துக்கு இல்லை. மெத்தென்ற பனியில் புதையாமல் காப்பாற்றும் 4.8 அங்குல டயர், கண்ணாடி ஐஸில் ஒரு அங்குல டயரைப் போலவே வழுக்கும். ஆங்கரேஜில் ஜனவரியில்கூடத் திடீரென்று வெதுவெதுப்பான காற்று வந்து மழை பெய்யும், மறுநாள் உறையும். அந்த வாரம் ஆணி இல்லாத 12 வண்டியும் சுவரில் சாய்ந்து நிற்கும், வாடகை சுழி. ஒரு ஜோடி ஆணி டயருக்கு 400 முதல் 500 டாலர் ஆகும். வலிக்கும்தான். சுற்றுலா வந்தவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் இன்னும் வலிக்கும்.

கார்பைடு முனை வைத்த ஆணி மட்டும் வாங்குங்கள். வெறும் எஃகு முனை தார்ச்சாலையில் சீக்கிரம் மழுங்கிவிடும். புது டயரை நேராக வாடகைக்கு விடாதீர்கள். சுமார் 50 கி.மீ. சாதாரண சாலையில், அதிரடி பிரேக் இல்லாமல் ஓட்டினால்தான் ஆணி ரப்பரில் உட்காரும். ஊழியர்கள் வேலைக்கு வந்துபோக அந்த வண்டிகளைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கடைத் தரையில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். கட்டட உரிமையாளர் ஆணி தடத்தைப் பார்ப்பதற்கு முன்னால்.

அக்டோபர் 4, செயின்ரிங்

எல்லா வண்டிக்கும் ஆணி அவசியமா? முன்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் பாதிச் செலவு. முன்சக்கரம் வழுக்கினால்தான் விழுவோம். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம்.

அக்டோபர் 5, பட்டறை

பழகியவருக்குச் சரி. வாடகைக்கு வருகிறவர் பாதிப்பேர் பனியையே முதல்முறை பார்க்கிறவர்கள். பின்சக்கரம் நழுவினால் பயந்து முன்பிரேக்கைப் பிடிப்பார்கள். இரண்டிலும் ஆணி என்பதில் நான் நிற்கிறேன். ஆனால் செயின்ரிங் சொல்வதிலும் காசு இருக்கிறது: 12ல் எட்டு வண்டிக்கு இரண்டிலும் ஆணி, நான்குக்கு முன்னால் மட்டும். அந்த நான்கையும் கேட்டு வாங்கும் உள்ளூர்க்காரருக்குக் கொஞ்சம் குறைந்த வாடகையில் விடலாம்.

அக்டோபர் 9, பட்டறை

பழைய வண்டி விஷயம். இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேர்பேங்க்ஸில் சைமன் ராக்கோவர் 44 மி.மீ. அகல ஸ்நோகேட் ரிம்மைக் கொண்டுவந்த காலத்தில் சாதாரண மலை சைக்கிள் சட்டத்திலேயே அதைப் பொருத்த முடிந்தது. பிறகு 2005ல் சர்லி நிறுவனம் பக்ஸ்லியை இறக்கியது. 65 மி.மீ. ரிம், 3.7 அங்குல எண்டோமார்ஃப் டயர், சாதாரண 135 மி.மீ. பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்). செயின் டயரில் உரசாமல் இருக்கச் சக்கரத்தையே ஒரு பக்கம் தள்ளிக் கட்டினார்கள். டயர் பெருக்கப் பெருக்க ஹப்பும் பெருத்தது: 170, பிறகு 190. துரூ ஆக்ஸில் (ஹப்பை ஊடுருவிச் செல்லும் தடித்த அச்சு) வந்ததும் அவையே 177, 197 ஆயின. முன்பக்கம் 135ம் உண்டு, 150ம் உண்டு.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பன்னிரண்டு பழைய வண்டி பொறுக்கினால் ஐந்து வகை பின் ஹப் கையில் இருக்கும். ஒரு சக்கரம் கோணினால் இன்னொன்றிலிருந்து கழற்றிப் போட முடியாது. வாடகைக் கடையின் உயிரே ஒரு வண்டியைக் கழற்றி இன்னொன்றைப் பிழைக்கவைப்பதுதான். ஒரே மாடல், ஒரே ஆண்டு, 197 பின், 150 முன் என்று எல்லாவற்றையும் வாங்குங்கள். கூடவே தயாராக ஒரு ஜோடிச் சக்கரம், டெரெய்லரை (கியர் மாற்றும் கருவி) சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர் இரண்டு, நான்கு செயின்.

அக்டோபர் 9, ஸ்பெனார்டுவாசி

அப்படியென்றால் என்ன பாகங்கள்? கடைக்காரர் காட்டும் மாடலில் சஸ்பென்ஷன் ஃபோர்க், டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே இருக்கையை ஏற்றி இறக்கும் தண்டு), ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் இருக்கிறது.

அக்டோபர் 10, பட்டறை

மூன்றும் வேண்டாம். ஃபோர்க்குக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டியாகும். மைனஸ் 15க்குக் கீழே அது வெறும் பாரம். 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) டயரே போதிய சஸ்பென்ஷன். டிராப்பர் குளிரில் மெல்ல இறங்கும், அல்லது ஏறாது.

பிரேக்: கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக். ஏவிட் பிபி7 போன்றது பட்டறைக்குத் தெரிந்த சரக்கு, பேடை விரலால் திருகி நெருக்கலாம், சீல் சுருங்கி எண்ணெய் கசியும் கதை இல்லை. ஹைட்ராலிக்தான் வேண்டும் என்றால் டாட் (DOT) பிரேக் திரவம் ஓடும் வகை. மினரல் ஆயில் கடுங்குளிரில் தடித்து லீவர் மந்தமாகத் திரும்பும். டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட் சின்டர்டு உலோக வகை. சாலையில் தூவும் மணல் ரெசின் பேடை அரைத்துத் தள்ளிவிடும். சின்டர்டு கத்தும், கத்தட்டும்.

முன்னால் ஒரே பல்சக்கரம், 28 அல்லது 30 பல். பின்னால் 10 அல்லது 11 வேகம். கேபிள் உறையை முனைக்கு முனை முழு நீளமாக ஓட்டுங்கள், நடுவில் திறந்த இடம் இருந்தால் அதுதான் தண்ணீர் வாசல். பெடல் பிளாட், நைலான் உடல், உயரமான உலோக ஊசி. அலுமினியப் பெடல் பூட்ஸின் அடி வழியாகக் கால்சூட்டை உறிஞ்சும்.

அக்டோபர் 10, பட்டறை

விட்டுப்போனது: அளவுகள். 12 வண்டிக்கு 3 சிறியது, 5 நடுத்தரம், 4 பெரியது. சந்தேகம் வந்தால் ஒரு அளவு சின்னதைக் கொடுங்கள். பனியில் நிற்கும்போது கால் புதையும், மேல்குழாய்க்கு மேலே இடைவெளி வேண்டும்.

அக்டோபர் 22, பட்டறை

காற்று. இதில்தான் பெரும்பாலான கடை சறுக்குகிறது.

கார் டயர் கேஜ் உதவாது, 10 பிஎஸ்ஐக்குக் கீழே அது ஊகம்தான் சொல்லும். 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டும் குறைஅழுத்த கேஜ் இரண்டு வாங்குங்கள். அடுத்தது வெப்பம். 20 டிகிரி அறையில் 8 பிஎஸ்ஐ அடித்த டயர், மைனஸ் 20ல் சுமார் 4.9 ஆகிவிடும். கேஜ் காட்டுவதோடு வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டி, கெல்வின் விகிதத்தில் சுருக்கி, மறுபடி 14.7ஐக் கழித்தால் அதுதான் வரும். வெளியே 6 வேண்டுமானால் உள்ளே 9.3 அடிக்க வேண்டும்.

இறுகிய பாதையில் தொடக்கம்: 60 கிலோ ஆளுக்கு 5, 80 கிலோவுக்கு 6, 100 கிலோவுக்கு 8. புதுப்பனி என்றால் இரண்டைக் கழியுங்கள். எண்ணை நம்பாமல் கண்ணை நம்பும் வழி ஒன்று உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் மெத்தென்ற பனிக்கு டயரின் பக்கச்சுவரில் மெல்லிய சுருக்கம் விழ வேண்டும். மடிந்து பிதுங்கினால் குறைவு, ஹேண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சுருக்கமே இல்லையென்றால் அதிகம், பனியை உழுதுகொண்டு போகும்.

அக்டோபர் 23, செயின்ரிங்

குளிர் அறை வைத்தவருக்கு அந்த 9.3 கணக்கு எதற்கு? அங்கேயே அடித்தால் போயிற்று.

அக்டோபர் 23, பட்டறை

உண்மை. குளிர் அறை இருந்தால் காற்று அங்கேதான் அடிக்க வேண்டும், கணக்கை மறந்துவிடலாம். பட்டறையில் புது ட்யூப் போட்ட அன்றைக்கு மட்டும் அது தேவைப்படும். ஒன்று சேர்க்கிறேன்: டிஜிட்டல் கேஜின் பேட்டரி குளிரில் படுத்துவிடும், அதைச் சட்டைப்பையில் வையுங்கள்.

அக்டோபர் 30, பட்டறை

ட்யூபா, ட்யூப்லெஸ்ஸா என்று தனிமடலில் கேள்வி வந்திருக்கிறது. இங்கேயே சொல்கிறேன்.

ட்யூப்லெஸ் எடை குறைவு, ஓட்டம் சுகம். ஆனால் வாடகையில் 4 பிஎஸ்ஐயில் ஒருவர் வேர்மேல் மோதினால் விளிம்பிலிருந்து காற்று ஏப்பம் விடும், பாதையில் நின்றபடி அதை மறுபடி உட்காரவைக்கச் சின்ன பம்பால் முடியாது. ட்யூபே போடுங்கள். அதில் வரும் தொல்லை வேறு: குறைந்த அழுத்தத்தில் டயர் ரிம்மின் மேல் மெல்லச் சுழலும், ட்யூபையும் இழுத்துப்போகும், வால்வு சாய்ந்து ஒருநாள் வேரோடு கிழியும். வண்டி திரும்பியதும் வால்வு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி டயரைத் திருப்பி நேராக்குங்கள். வால்வு நட்டை இறுக்காதீர்கள், இறுக்கினால் கிழிசல் சீக்கிரம் வரும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பை: ஃபேட் ட்யூப் ஒன்று, பெரிய கொள்ளளவு பம்ப், இரண்டு டயர் லீவர், மல்டிடூல், செயின் இணைப்பு, பத்து ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை). பஞ்சர் பசை வேண்டாம், குளிரில் பிடிக்காது. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி இந்த டயரை நிரப்பாது.

நவம்பர் 2, ஸ்பெனார்டுவாசி

பத்து ஜிப் டை எதற்கு?

நவம்பர் 2, பட்டறை

ஃப்ரீஹப்புக்கு. உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியானால், அல்லது ஈரம் உறைந்தால், கொக்கிகள் எழும்பாது. பெடல் இரண்டு பக்கமும் சும்மா சுற்றும். அப்போது கேசட்டின் பெரிய பல்சக்கரத்தை ஆரக்கம்பிகளோடு ஜிப் டையால் ஐந்தாறு இடத்தில் கட்டிவிட்டால் சக்கரம் திரும்பும், வீடு வந்து சேரலாம். ஆனால் பெடலை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் செயின் தொய்ந்து டெரெய்லரைப் பிடுங்கும். இறக்கத்தில் இறங்கித் தள்ளச் சொல்லுங்கள்.

ஃபிளாஸ்க்கில் இருக்கும் தேநீரை ஹப்பில் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் ஓடும், பிறகு முன்னைவிட நன்றாக உறையும். தேநீரும் போயிற்று.

வராமல் தடுக்க: அக்டோபரில் எல்லா ஃப்ரீஹப்பையும் பிரித்து, தொழிற்சாலைக் கிரீஸைத் துடைத்து, குளிருக்கான மெல்லிய ஃப்ரீஹப் எண்ணெய் விடுங்கள். அரை மணி நேர வேலை. பருவத்தின் நடுவில் மறுபடி ஒருமுறை. செயினுக்கு மெழுகு அல்லது உலர் வகை மசகு. பிசுபிசுப்பான மழைக்கால எண்ணெய் மணலைச் சேர்த்துக்கொள்ளும்.

நவம்பர் 5, பட்டறை

வண்டி திரும்பியதும் தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள். வெளியே நிறுத்தி மெத்தென்ற தூரிகையால் பனியைத் தட்டுங்கள். கேசட் இடுக்கைக் குச்சியால் கிளறுங்கள். பிரேக், வால்வு, ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் தாங்கி) ஆட்டம் பார்த்துக் குளிர் அறை. சாலைவழி ஓடிய வண்டியில் உப்புக்கரைசல் ஒட்டியிருக்கும். அதை வாரம் ஒருமுறை பட்டறையில் வெந்நீர்த் துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். துடைக்காமல் விட்டால் ஆரக்கம்பி நிப்பிள் ரிம்மோடு பிடித்துக்கொள்ளும், மார்ச்சில் சக்கரம் நேராக்கவே முடியாது.

நவம்பர் 19, ஸ்பெனார்டுவாசி

வண்டி வந்துவிட்டது. ஆட்களுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும்?

நவம்பர் 19, பட்டறை

ஹெல்மெட், ஒரு அளவு பெரியது, உள்ளே மெல்லிய தொப்பி போக. ஹேண்டிலில் மாட்டும் போகீஸ் உறை எல்லா வண்டிக்கும். இது ஆடம்பரம் இல்லை. இது இருந்தால் மெல்லிய கையுறையோடு பிரேக் பிடிக்கலாம், இல்லையென்றால் தடித்த மிட்டனோடு பிரேக்கே பிடிக்க முடியாது. தினமும் கழற்றி உள்ளே காயவையுங்கள். வண்டியில் ஈரத்தைத் தவிர்க்கச் சொன்ன அதே காரணம்தான். இரண்டு செட் இருந்தால் நிம்மதி.

டிசம்பர் 21 வாக்கில் ஆங்கரேஜில் பகல் ஐந்தரை மணி நேரம். பத்தேகாலுக்கு விடிந்து மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும். முன்விளக்கு, பின்விளக்கு வாடகைக்குள் அடக்கம், தனிக் கட்டணம் வேண்டாம். தனியாக விற்றால் ஆள் வேண்டாம் என்பார், நான்கு மணிக்கு நீங்கள்தான் தேடிப் போவீர்கள்.

ஜீன்ஸ், பருத்திச் சாக்ஸோடு வருகிறவருக்கு ஒரு மணி நேர வாடகை மட்டும். பூட்ஸ் வாடகைக்கு விடும் யோசனையை மறந்துவிடுங்கள். நாற்றம் ஒரு பிரச்சினை, காய்வது இன்னொன்று.

நவம்பர் 20, பட்டறை

பயிற்சி ஐந்து நிமிடம், கடை வாசலில். உட்கார்ந்தே மிதி, எழுந்தால் பின்சக்கரம் வழுக்கும். திருப்பத்தில் பிரேக் வேண்டாம். இறக்கத்துக்கு முன் பிரேக்கை இரண்டுமுறை தொட்டு டிஸ்க்கில் இருக்கும் ஐஸைத் துடை. ஃபோன் உள்சட்டையில்.

மூஸ் என்ற பெரிய காட்டுமான் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆழமான பனியில் நடக்கச் சிரமம் என்று அது இறுகிய பாதைக்கே வரும். மணியடித்து விரட்டக் கூடாது. காது பின்னால் மடிந்தால், பிடரி மயிர் எழும்பினால், திரும்பிப் போ. குட்டியோடு இருந்தால் படம் எடுக்கவே நிற்காதே.

டிசம்பர் 1, செயின்ரிங்

பாதை விதிகளையும் சொல்லுங்கள். ஸ்கீ ஓட்டுகிறவர்கள் நம்மைக் கரித்துக்கொட்டுகிறார்கள்.

டிசம்பர் 1, பட்டறை

காரணத்தோடுதான் கொட்டுகிறார்கள். ஸ்கீக்கென்று சீர்செய்த பாதையில் சைக்கிள் கூடாது, கின்கெய்டு பூங்காவில் பலகை பார்த்துப் போகச் சொல்லுங்கள். டோனி நோல்ஸ் கரையோரப் பாதை எல்லோருக்கும் பொது, நகர நடுவிலிருந்து கின்கெய்டு வரை 11 மைல், முதல்நாள் ஆளுக்கு அதுவே அதிகம். சர்வதேச மலைசைக்கிள் சங்கத்தின் வழிகாட்டுதல் எளிது: 3.7 அங்குலத்துக்கு மேல் டயர், 10 பிஎஸ்ஐக்குக் கீழே காற்று, ஒரு அங்குலத்துக்கு மேல் தடம் விழுந்தாலோ நேராக ஓட்ட முடியாவிட்டாலோ திரும்பிவிடு. அதை அச்சடித்து ஹேண்டிலில் கட்டுங்கள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை உலக ஃபேட் பைக் நாள், இந்த வாரமே. உள்ளூர்க்காரர் வருவார்கள், சொந்த வண்டியில். வருமானம் எதிர்பார்க்காதீர்கள்.

டிசம்பர் 12, பட்டறை

பத்திரம். அலாஸ்காவில் பெற்றோர் குழந்தைக்காகவும் விபத்து நேர்ந்தால் வழக்குப் போடுவதில்லை என்ற விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திடலாம், சட்டம் அனுமதிக்கிறது. எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை, ஆகவே வேறு ஊர்க் கடையின் படிவத்தை நகலெடுக்காதீர்கள். ஆனால் உங்கள் பொறுப்பற்ற செயலுக்கு அது கேடயம் ஆகாது. பிரேக் பேட் தேய்ந்த வண்டியைத் தெரிந்தே கொடுத்தால் பத்திரம் காகிதம்தான். ஒவ்வொரு வண்டிக்கும் எண், தேதியோடு பராமரிப்பு ஏடு. காப்பீட்டுக்காரரிடம் குளிர்கால வாடகை என்று எழுத்தில் சொல்லுங்கள், கோடை ஒப்பந்தம் தானாக நீளும் என்று நினைக்காதீர்கள். வழிகாட்டியோடு கூட்டிப்போவதாக இருந்தால் சுகாச் மாநிலப் பூங்காவுக்கும் தேசிய வனத்துக்கும் தனித்தனி வணிக அனுமதி.

ஜனவரி 16, ஸ்பெனார்டுவாசி

எலெக்ட்ரிக் ஃபேட் பைக் கேட்கிறார்கள். இரண்டு வாங்கவா?

ஜனவரி 16, பட்டறை

வாங்கலாம், பேட்டரி ஒழுக்கம் இருந்தால். பேட்டரி இரவு உள்ளே, கிளம்பும்போது மாட்டு. மைனஸ் 15ல் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதாகவே வைத்துச் சொல்லுங்கள். குளிர்ந்து திரும்பிய பேட்டரியை உடனே சார்ஜில் போடக் கூடாது. சுழி டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் ஆனோடின் மேல் படலமாகப் படிந்து செல்லைக் கொல்லும். அறை வெப்பத்துக்கு வர மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். வண்டி மட்டும் குளிர் அறையில்.

பிப்ரவரி 8, பட்டறை

இனிமேல்தான் பருவமே. பகல் நீளும், பனி இறுகும். ஊர்க் குளிர்காலத் திருவிழாவான ஃபர் ராண்டி, பிறகு மார்ச் முதல் சனிக்கிழமை இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தின் சம்பிரதாயத் தொடக்கம். ஊரெல்லாம் சுற்றுலாக்காரர். அந்த இரண்டு வாரத்துக்கு முன் எல்லாச் செயினையும் மாற்றுங்கள், அளந்து பார்க்கும் வேலையே வேண்டாம்.

க்னிக் பனியாற்றுக்கு வண்டி கேட்பார்கள். என் நிலை: வழிகாட்டி இல்லாமல் கொடுப்பதில்லை. ஐஸுக்கு மேல் தண்ணீர் ஓடி அதன்மேல் பனி மூடியிருக்கும். கால் நனைந்தால் அங்கே உலர்த்த வழி இல்லை. ஏரியில் உறைந்து நிற்கும் பனிப்பாறை திடீரென்று புரளும், அதைச் சுற்றியுள்ள ஐஸ் பிளக்கும். படம் எடுக்க எல்லோரும் நிற்பது சரியாக அதன் அடியில்தான். போர்ட்டேஜ் ஏரிக்கும் இதே பதில்.

மார்ச் 20, ஸ்பெனார்டுவாசி

கணக்கு போட்டேன். வண்டிக்கு 40 நாள் ஓடும்போல் தெரிகிறது.

மார்ச் 20, பட்டறை

நாற்பது நாள், அறுபது டாலர், 2,400. வண்டி 2,000, ஆணி டயர் 450, போகீஸும் விளக்கும் 180 என்று வைத்தால் 2,630. செயின், பேட், கேபிள், கேசட் என்று இன்னொரு 150. முதல் பருவத்தில் போட்ட பணம் திரும்பாது, காப்பீடும் வாடகை இடமும் தனி. இரண்டாம் பருவம்தான் லாபம். மூன்றாவது முடிந்ததும் விற்றுவிடுங்கள். விற்பதை ஏப்ரலில் செய்யாதீர்கள், பனி உருகும்போது ஃபேட் பைக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். அக்டோபர் வரை தூசி தட்டி வைத்து, முதல் பனிக்கு முந்தின வாரம் போடுங்கள், ஆணி டயர் இல்லாமல். டயர் அடுத்த வண்டிக்கு.

ஏப்ரல் 6, பட்டறை

உருகல் தொடங்கிவிட்டது. இரவு உறைந்து பகலில் கூழாகும். காலை ஏழு முதல் பத்து வரை மட்டும் வாடகை, அதற்குமேல் எடுத்துப் போகிறவர் பாதையில் தோண்டும் தடம் மறுநாள் கல்லாக உறைந்து நிற்கும். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் தாங்கி) எல்லாவற்றையும் இப்போதே கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் உடனே கழற்றுங்கள், இலையுதிர்காலம் வரை விட்டால் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். ஆணி டயரை வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். உதிர்ந்த ஆணிகளை எண்ணி இப்போதே ஆர்டர் போடுங்கள், அக்டோபரில் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கேட்கும்.